கைக்கு எட்டும் உயரத்தில் ஓர் அவசர விளக்கம்

எங்கள் ஊருக்கு மின்சாரம் வந்து போகும். வந்து தங்கும் என்று யாரும் வாக்குக் கொடுத்ததில்லை, நாங்களும் கேட்டதில்லை. வந்தால் சந்தோஷம், போனால் பழக்கம் என்று காலம் ஓடிக்கொண்டிருந்தது.

போன மழைக்காலத்தில் மேலிடத்து அதிகாரி ஒருவர் எங்கள் பக்கம் பார்வையிட வந்து, ராத்தங்க ஒரு விடுதியில் இறங்கினார். அவர் குளிக்கப் போன நேரம் பார்த்துக் கரண்ட் போய்விட்டது. முகம் முழுக்க சோப்போடு, குழாய் எந்தப் பக்கம் என்று தெரியாமல், பாவம், வெகுநேரம் நின்றாராம். நாங்கள் வருஷக்கணக்காக இருட்டில் நின்றது ஒருத்தர் காதிலும் விழவில்லை. அவர் ஒரே ஒரு சாயங்காலம் நின்றார், கிராமப்புற மக்களின் துயரம் மேலிடத்துக்குப் புரிந்துவிட்டது. அடுத்த வாரமே சுற்றறிக்கை வந்தது.

தெருமுனையில் இருக்கும் அலுவலகத்தின் பலகையில் அதை ஒட்டினார்கள். இன்றைக்கும் எனக்கு அது மனப்பாடம்.

"மின்தடைக் காலங்களில் பொதுமக்கள் அவதியுறாவண்ணம், கிராமப்புறத்திலுள்ள ஒவ்வொரு வீட்டிலும் அவசர விளக்கம் ஒன்று எந்நேரமும் தயார் நிலையில் வைக்கப்பட வேண்டும். மேற்படி விளக்கம் கைக்கு எட்டும் உயரத்தில் இருத்தல் வேண்டும். சிறுவர் முதல் முதியோர் வரை எளிதில் இயக்கத் தக்கதாகவும், புகை வராததாகவும், காற்றில் அணையாததாகவும், ஒருமுறை தொடங்கினால் நாலு மணி நேரம் நீடிக்கக் கூடியதாகவும் இருத்தல் அவசியம். தவறுவோர் மீது தக்க நடவடிக்கை எடுக்கப்படும்."

நான் சைக்கிள் கடை வைத்திருப்பவன். பஞ்சர் ஒட்டுவேன், செயின் மாட்டுவேன், கோணல் சக்கரத்தை நேராக்குவேன். எழுத்துப்பிழை பார்ப்பது என் தொழிலில் இல்லை. என் வீட்டுக்காரிக்குத் தொழிலே மாடுதான் என்றாலும் அவள்தான் முதலில் கண்டுபிடித்தாள்.

"ஏங்க, விளக்குன்னு போட வேண்டிய இடத்துல விளக்கம்னு போட்டிருக்காங்க" என்றாள்.

"சும்மா இரு. படிச்சவங்க எழுதினது."

"படிச்சவங்கதான். எழுதினப்புறம் படிக்கலை."

அவள் இதில் இவ்வளவு கவலைப்பட்டதற்குக் காரணம் உண்டு. எங்களிடம் இருப்பது ஒரே மாடு, பெயர் செவலை. அது நிறைமாதமாக இருந்தது. போன ஈற்றில் சரியாக விளக்கு வைக்கிற நேரத்துக்குக் கரண்ட் போய், கன்று எசகுபிசகாகத் திரும்பி, கால் எது தலை எது என்று தெரியாமல் என் வீட்டுக்காரி இருட்டில் தடவித் தடவிப் பார்த்தாள். பிடி கிடைப்பதற்குள் கன்று போய்விட்டது. மாட்டு ஆஸ்பத்திரியில் அதற்கு ஏன், எப்படி என்று அழகாக விளக்கம் கொடுத்தார்கள். கன்றைக் கொடுக்கவில்லை. இந்தத் தடவை விட்டுவிடக் கூடாது என்று, சுற்றறிக்கை வருவதற்கு முன்பே, சார்ஜ் ஏற்றிக்கொள்ளும் நல்ல விளக்கு ஒன்றை வாங்கித் தொழுவத்து மாடத்தில் வைத்திருந்தாள்.

"வா, ஆபீஸ்லயே கேட்டுடுவோம்" என்று அவளை அழைத்துக்கொண்டு போனேன்.

அலுவலகத்தில் எழுத்தர் இருந்தார். நல்ல மனிதர். யார் எதைக் கேட்டாலும் கோபப்படாமல் இல்லை என்பார்.

"சார், இது விளக்குதானே? பிழையா விழுந்திருக்கு" என்றாள் இவள்.

"பிழைன்னு நீங்க சொல்றீங்க. பிழையா இருந்தா திருத்தம் வந்திருக்கும். வந்திருக்கா?"

"வரலை."

"அப்போ பிழை இல்லை."

"விளக்கம் எப்படி சார் காத்துல அணையும்?"

"அணையக் கூடாதுன்னுதானேம்மா போட்டிருக்கு?"

"சரி, கைக்கு எட்டுற உயரத்துல அதை எப்படி வைக்கிறது?"

எழுத்தர் கொஞ்சம் யோசித்தார். பிறகு, "அட்டைல எழுதி ஆணியில மாட்டுங்க" என்றார்.

எனக்கு அந்த மனிதர் மேல் மரியாதை வந்துவிட்டது. கேள்வி கேட்பது சுலபம், யார் வேண்டுமானாலும் கேட்கலாம். ஆணி அடிக்க இடம் சொல்ல எத்தனை பேரால் முடியும்? வழியெல்லாம் இவளிடம் இதைச் சொல்லிக்கொண்டே வந்தேன்.

ஊர் இதைப் பிடித்துக்கொண்ட வேகம் இருக்கிறதே, அப்பப்பா! முதல் வாரம் ஆளாளுக்கு முழித்தார்கள். இரண்டாவது வாரம், எங்கள் தெருவில் வசதியானவரான டிராக்டர்காரர், வெளியூரிலிருந்து ஆளை வரவழைத்துத் தன் விளக்கத்தைக் கண்ணாடியில் எழுதிக் கூடத்தில் மாட்டினார். கடலுக்கு மேலே காற்று சுழல்வதில் ஆரம்பித்து அவர் வீட்டு மீட்டர் பெட்டியில் முடியும். அதைப் பார்த்ததும் மற்றவர்களுக்குப் பொறுக்குமா? மரச்சட்டம் போட்ட விளக்கம், மடித்து வைக்கும் விளக்கம், சொந்தக் குரலில் போனில் பதிந்த விளக்கம் என்று கிளம்பிவிட்டார்கள். போனில் பதிந்தவர்கள் அதை நாள் முழுக்கப் போட்டுப் போட்டுக் கேட்டதில், பொழுது சாயும்போது ஒருவர் போனிலும் சார்ஜ் இருக்காது. விருந்தாளி வந்தால் தண்ணீர் கொடுப்பதற்கு முன், "எங்க வீட்டு விளக்கம் பார்த்தீங்களா?" என்று கேட்பது நாகரிகமாயிற்று.

மளிகைக்கடைக்காரர் கெட்டிக்காரர். மெழுகுவர்த்தி, டார்ச் லைட், பேட்டரி எல்லாவற்றையும் மொத்த வியாபாரியிடமே திருப்பி அனுப்பிவிட்டு, அந்த அலமாரியில் தயார் விளக்கங்களை அடுக்கினார். "இடி, மழை, மரம் விழுந்தது, மூணும் சேர்ந்தது ஒண்ணு இருக்கு. குடும்பத்துக்கு அதுதான் நல்லது" என்று சிபாரிசு செய்வார். "மெழுகுவத்தி இருக்கா?" என்று கேட்ட என் வீட்டுக்காரியை அவர் பார்த்த பார்வையில் ஒரு பரிதாபம் இருந்தது. "இன்னும் அதையே பிடிச்சுக்கிட்டு இருக்கியாம்மா?" என்றார்.

நான் தயார் விளக்கம் வாங்கவில்லை. சொந்தமாக எழுதினேன். பஞ்சர் ஒட்டின டியூப் மறுநாளே காற்று இறங்கினால், அது என் குற்றமில்லை என்று வாடிக்கையாளருக்குப் புரிய வைத்துப் புரிய வைத்து நல்ல பயிற்சி இருந்தது. "மின்சாரம் என்பது கம்பி வழியாக வருவது. கம்பியோ மிக நீளமானது. நீளமான எந்தப் பொருளும் எங்காவது ஓரிடத்தில் தளர்ந்திருக்கும். தளர்ந்த இடத்தில் அணில் உட்காரும். அணில் ஏன் உட்கார்கிறதென்றால்..." என்று போகும். இதில் என் சாமர்த்தியம் கடைசியில் இருந்தது. அணிலில் தொடங்கி மரம், மழை, மேகம் எல்லாம் சுற்றி, "ஆகவே இதைப் புரிந்துகொள்ள மின்சாரம் என்றால் என்ன என்று முதலில் தெரிய வேண்டும்" என்று முடியும். உடனே மறுபடி முதல் வரியிலிருந்து ஆரம்பித்துக்கொள்ளலாம். சைக்கிள் சக்கரத்துக்குத் தொடக்கம் ஏது, முடிவு ஏது?

தணிக்கைக்கு வந்தவர் மின்தடை எதிர்கொள்ளல் அலுவலர். பதவியைச் சொல்லி முடிப்பதற்குள் மூச்சு முட்டியதால் ஊரில் அவருக்கு ஸ்டாப்வாட்ச் என்று பெயர் வைத்துவிட்டார்கள். கையில் எப்போதும் ஒன்று வைத்திருப்பார். கடமை என்றால் அவருக்கு உயிர். எந்தக் கடமை என்று கேட்கிற கெட்ட பழக்கம் கிடையாது.

முதலில் பக்கத்து வீட்டு அத்தையிடம் போனார். அத்தை தனியாக இருப்பவர், வாய் கொஞ்சம் நீளம். அவருடைய விளக்கம் ஒரே வரி: "வேலை பார்க்க வேண்டியவங்க வேலை பார்க்கலை, கரண்ட் போச்சு."

ஸ்டாப்வாட்ச் அதை இரண்டு முறை வாசித்தார். "நேரம் பத்தாது. அதோட இதுல புகைச்சல் இருக்கேம்மா. புகை வரக் கூடாதுன்னு விதி" என்றார்.

"எரியுது சார், அதான் புகையுது."

"மறு தணிக்கை" என்று குறித்துக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தார்.

நான் குளித்து, துவைத்த சட்டை போட்டுக்கொண்டு தயாராக நின்றேன். ஆணியின் உயரத்தைக் கையை நீட்டிப் பார்த்தார், எட்டியது. "ஆரம்பிங்க" என்று ஸ்டாப்வாட்சை அமுக்கினார். நான் ஆரம்பித்தேன். நடுவில் ஒரு பைலை எடுத்து என் முகத்துக்கு நேரே பலமாக விசிறினார். நான் அணையவில்லை. மூக்கை நீட்டி மோந்து பார்த்தார். புகைச்சல் இல்லை. இரண்டாவது சுற்று அணிலிடம் வந்தபோது அவர் முகம் மலர்ந்துவிட்டது.

"ஐயா, இது மறுபடி முதல்ல இருந்து வருதே! நாலு மணி நேரம் என்ன, எத்தனை மணி நேரம் வேணும்னாலும் போகுமே!"

"உங்க ஆசீர்வாதம் சார்."

"முதல் தரம். என் சர்வீஸ்ல முதல் தரம் உங்களுக்குத்தான் முதல்ல கொடுக்கறேன்."

பள்ளிக்கூடத்தில் எந்தப் பாடத்திலும் நான் தேறியதில்லை. எனக்குக் கண்ணெல்லாம் கலங்கிவிட்டது. வீட்டைச் சுற்றிக் காட்டுகிறேன் என்று அந்த உற்சாகத்தில் அவரைத் தொழுவத்துப் பக்கம் கூட்டிக்கொண்டு போனதுதான் வினையாகப் போயிற்று. மாடத்தில் இருந்ததைப் பார்த்து அப்படியே நின்றார்.

"இது என்ன?"

"விளக்கு" என்றாள் செவலைக்குத் தீனி வைத்துக்கொண்டிருந்த இவள்.

"எதுக்கு?"

"கரண்ட் போனா ஏத்த."

"கரண்ட் போனா விளக்கம் இருக்கே?"

"சார், மாடு ரெண்டு வாரத்துக்குள்ள ஈனும்னு நிக்குது. விளக்கத்தைப் பிடிச்சா கன்னை வெளிய இழுக்க முடியும்?"

அவர் இவளிடம் கோபப்படவில்லை. வருத்தமாக என் பக்கம் திரும்பினார். "விளக்கம் இருக்கற வீட்டுல விளக்கும் இருந்தா என்ன அர்த்தம்? விளக்கத்து மேல வீட்டுக்காரங்களுக்கே நம்பிக்கை இல்லைன்னு அர்த்தம். நான் எப்படி முதல் தரம் போடறது? நீங்களே சொல்லுங்க."

நான் அட்டையைப் பார்த்தேன். விளக்கைப் பார்த்தேன். இவள் முகத்தைப் பார்க்கவில்லை.

"கொஞ்ச நாள் ஆபீஸ்லயே இருக்கட்டும் சார். பத்திரமா இருக்கும்" என்றேன்.

பறிமுதல் பொருள் என்று சீட்டு ஒட்டி விளக்கை எடுத்துக்கொண்டு போனார். அன்றைக்கு வீட்டில் பாத்திரங்கள்தான் பேசின. தட்டு தரையில் வைக்கப்பட்ட சத்தத்திலேயே எனக்கு எல்லாம் புரிந்தது.

மறுநாள் தானே போய் எழுத்தரிடம் கேட்டிருக்கிறாள். "கொடுக்கலாம்மா, தாராளமா கொடுக்கலாம். உங்க வீட்டு விளக்கம் பயன்படாதுன்னு வீட்டுக்காரர் எழுதிக் கொடுக்கணும். கொடுத்தா முதல் தரம் ரத்தாகும், அவ்வளவுதான்" என்றிருக்கிறார்.

வந்து என் முன்னால் நின்றாள். "எழுதிக் கொடுங்க."

"கொஞ்சம் பொறு. இந்த நேரம் பார்த்தா கரண்ட் போகப் போகுது?"

"செவலையா, முதல் தரமா? ஒண்ணு சொல்லுங்க."

"ரெண்டும்தான் வேணும். நீ ஏன் இப்படி அவசரப்படறே?"

"அவசரத்துக்குத்தானே அந்த விளக்கு!" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். போன கன்றை நினைத்துக்கொண்டாள் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் அன்று காலைதான் டிராக்டர்காரர் என் கடைக்கு வந்து, தன் விளக்கத்தைக் கொஞ்சம் திருத்தித் தர முடியுமா என்று நின்றுகொண்டே கேட்டிருந்தார். நானும் மனிதன்தானே.

திருத்தம் அந்த வாரமே வந்தது. சோப்பு அதிகாரி ஏதோ வேலையாகச் சுற்றறிக்கையைப் படித்துப் பார்த்துவிட்டாராம். உடனே மேலிடத்திலிருந்து எங்கள் அலுவலகத்துக்குப் போன். லைனில் ஒரே இரைச்சல். "யோவ், அது அவசர விளக்கம் இல்லை, அவசர விளக்கு! ஜனங்களுக்கு நல்லா விளக்குமாறு..." என்பதோடு லைன் அறுந்துபோனது. எழுத்தர் காதில் கடைசி வார்த்தைதான் தெளிவாக விழுந்திருக்கிறது. மேலிடம் சொன்னதை ஒரு எழுத்துகூட விடாமல் பலகையில் ஏற்றினார்.

"திருத்தம்: அவசர விளக்கம் என்று வருகிற இடத்திலெல்லாம் அவசர விளக்குமாறு என்று மாற்றிப் படிக்கவும்."

வாரக்கணக்கில் சிரிக்காமல் இருந்த என் வீட்டுக்காரி பலகைக்கு முன்னால் நின்று, முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு, குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். பக்கத்து வீட்டு அத்தையைக் கையைப் பிடித்து இழுத்து வந்து காட்டினாள். அத்தை வாய்விட்டே சிரித்தார்.

அரசாங்கத்தைக் குறை சொல்லலாம், ஆனால் உள்ளதைச் சொல்ல வேண்டும். அந்தச் சுற்றறிக்கை எழுத்துக்கு எழுத்துப் பொருந்தியது அப்போதுதான். விளக்குமாறு கைக்கு எட்டும் உயரத்தில் இருக்கும். சிறுவர் முதல் முதியோர் வரை இயக்கலாம். புகை வராது. காற்றில் அணையாது. நாலு மணி நேரம் தாராளமாகத் தாங்கும். மளிகைக்கடைக்காரர் விளக்கங்களை மூட்டை கட்டி வைத்துவிட்டு அலமாரி நிறைய விளக்குமாறு அடுக்கினார். டிராக்டர்காரர் பிடிக்குப் பட்டுத்துணி சுற்றி ஒன்று செய்யச் சொன்னார். ஆண்கள் எல்லாரும் வாங்கிக்கொண்டு போய் வீட்டில் பெண்கள் கையில் கொடுத்தோம். இதிலுள்ள ஆபத்து அப்போது ஒருவர் மூளையிலும் உதிக்கவில்லை.

ஸ்டாப்வாட்ச் புதிய தணிக்கைக்கு வந்தது ஒரு சாயங்காலம். வானம் மூடிக்கொண்டிருந்தது. என் விளக்கம் இருந்த ஆணியில் இப்போது விளக்குமாறு தொங்கியது. எனக்கு அதில் கொஞ்சம் மனக்கஷ்டம்தான். அவர் அதை எடுத்துத் தட்டிப் பார்த்து, காற்றில் ஒரு வீசு வீசி, "நல்ல தயார் நிலை" என்று சொல்லி மறுபடி மாட்டினார்.

அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போனது. வீடு இருண்டது, தெரு இருண்டது. தொழுவத்திலிருந்து செவலை அடிவயிற்றிலிருந்து ஒரு குரல் கொடுத்தது.

இவள் ஓடினாள். நானும் பின்னாலேயே ஓடி, தூணில் இடித்துக்கொண்டு நின்றேன். உள்ளே ஒன்றும் தெரியவில்லை. மாட்டின் மூச்சு மட்டும் கேட்டது.

"ஒரு கால்தான் வந்திருக்கு" என்றாள் இருட்டுக்குள்ளிருந்து. "இன்னொரு கால் எங்கேன்னு தெரியலை. ஐயோ, போன தடவை மாதிரியே ஆகுதே! ஏங்க, வெளிச்சம்! எங்கேயாவது வெளிச்சம் கொண்டாங்க!"

நான் என்ன செய்தேன் என்று சொல்கிறேன். பழக்க தோஷம், வாய் தானாகத் திறந்துகொண்டது. "மின்சாரம் என்பது கம்பி வழியாக வருவது. கம்பியோ மிக நீளமானது..."

பக்கத்தில் கிளிக் என்று ஸ்டாப்வாட்ச் அமுங்கும் சத்தம் கேட்டது. அவருக்கும் பழக்க தோஷம். சத்தம் கேட்டு ஓடிவந்த தெருக்காரர்கள் வாசலில் கூடிவிட்டார்கள். வந்தவர்களில் ஒருவர் கையிலும் வெளிச்சம் இல்லை, ஒருவர் போனிலும் சார்ஜ் இல்லை, எல்லார் வாயிலும் விளக்கம் இருந்தது. மளிகைக்கடைக்காரர் இது இடி என்றார். டிராக்டர்காரர் கடலுக்கு மேலிருந்து தொடங்கினார். இருட்டில் ஊரே பேசிக்கொண்டிருந்தது, மாடு கத்திக்கொண்டிருந்தது.

"நிறுத்துங்கடா!" என்று பக்கத்து வீட்டு அத்தை ஒரு சத்தம் போட்டார். "எல்லாரும் தெருமுனையைப் பாருங்க!"

பார்த்தோம். ஊர் முழுக்க இருட்டு. அலுவலக ஜன்னலில் மட்டும் பளிச்சென்று வெளிச்சம்.

"அது நம்ம விளக்கு" என்றாள் இவள். எப்போது தொழுவத்திலிருந்து வந்தாள் என்று தெரியவில்லை, எங்களுக்கு நடுவில் நின்றாள்.

ஸ்டாப்வாட்ச் தொண்டையைச் செருமினார். "பறிமுதல் பொருளைப் பழுதாகாம வச்சிருக்கறது எங்க பொறுப்பும்மா. அதனால அப்பப்போ எரிய விடறோம். இப்போ அதைத் திருப்பி எடுக்கணும்னா முறைப்படி வீட்டுக்காரர் விண்ணப்பம்..."

இவள் வாசல் சுவரைத் தடவினாள். கைக்கு எட்டும் உயரத்தில்தான் இருந்தது.

"சார், இது என்ன?"

"விளக்கு... விளக்குமாறு."

"எதுக்கு?"

"அவசரத்துக்கு."

"அவசரம் வந்தாச்சு சார்."

அவருக்கு முதல் அடி விழுந்ததா, விழுவதற்குள் ஓட ஆரம்பித்தாரா என்பதில் ஊரில் இரண்டு கருத்து இருக்கிறது. எனக்கு அதைக் கவனிக்க அவகாசமில்லை, நான் அவருக்கு முன்னால் ஓடிக்கொண்டிருந்தேன். எங்களுக்குப் பின்னால் அத்தை, அத்தைக்குப் பின்னால் தெருவிலுள்ள பெண்கள் எல்லாரும், ஆளுக்கொரு அவசர விளக்குமாறோடு. திருத்தப்பட்ட சுற்றறிக்கையை அவ்வளவு ஒற்றுமையாக யாரும் அமல்படுத்தியிருக்க மாட்டார்கள். இவள் மட்டும் மாட்டிடம் திரும்பிப் போய்விட்டாள்.

அலுவலகத்தில் எங்கள் விளக்கை மேஜை மேல் வைத்துக்கொண்டு எழுத்தர் அடுத்த சுற்றறிக்கையை எழுதிக்கொண்டிருந்தார். மூச்சிரைக்க நின்ற என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"விளக்கம் பயன்படாதுன்னு எழுதிக் கொடுத்தீங்கன்னா..." என்று ஆரம்பித்தவர், எனக்குப் பின்னால் வாசலில் கூடியதைப் பார்த்தார். பார்த்துவிட்டு, "எடுத்துக்கங்க, எடுத்துக்கங்க, நாளைக்கு எழுதிக்கலாம்" என்றார்.

"நாளைக்கு எதுக்கு? இப்பவே சொல்றேன், பயன்படாது. ஒரு மண்ணுக்கும் பயன்படாது!" என்று கத்திவிட்டு விளக்கைத் தூக்கினேன். ஸ்டாப்வாட்ச் அதை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். இருவரும் திரும்ப ஓடினோம்.

வெளிச்சம் தொழுவத்தில் நுழைந்தபோது இவள் தரையில் மண்டியிட்டிருந்தாள். முகமெல்லாம் வேர்வை. "இங்கே பிடிங்க சார், இன்னும் கீழே" என்று அலுவலருக்கே உத்தரவு போட்டாள். அவர் பேண்ட்டோடு சாணியில் முழங்கால் போட்டு விளக்கைப் பிடித்தார். ஒரு குளம்பு தெரிந்தது, அதன் மேல் ஒரு மூக்கு நுனி தெரிந்தது. மற்ற கால் உள்ளே முட்டியில் மடங்கியிருந்தது. மாடு முக்காத நேரம் பார்த்துக் கன்றை மெல்ல உள்ளே தள்ளி, குளம்பைக் கைக்குள் பொத்தி, மடங்கின காலை நிமிர்த்தி முன்னால் கொண்டுவந்தாள். "இப்போ இழுங்க" என்றாள். நானும் அவளும் இழுத்தோம். செவலை ஒரு முக்கு முக்கியது. கன்று வழுக்கிக்கொண்டு வந்து வைக்கோலில் விழுந்தது.

கொஞ்ச நேரம் அசைவில்லை. இவள் அதன் மூக்கைத் துடைத்து, வைக்கோலால் விலாவைத் தேய்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு அது ஒரு தும்மல் போட்டது.

எனக்கு அழுகை வந்துவிட்டது, சொல்வதில் வெட்கமில்லை. இவளும் அழுதாள், அழுதுகொண்டே என்னைத் திட்டினாள். ஸ்டாப்வாட்ச் விளக்கைப் பிடித்தபடி, மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "பெண் கன்னும்மா, பெண் கன்னு" என்று நாலைந்து தடவை சொன்னார். அவருடைய கருவி எங்கேயோ சாணிக்குள் ஓடிக்கொண்டிருந்தது. அதை இன்னும் தேடி எடுக்கவில்லை.

இத்தோடு கதை முடிந்திருந்தால் ஊருக்கும் நல்லது, உங்களுக்கும் நல்லது. ஆனால் நடந்த சம்பவம் குறித்து அலுவலர் மேலிடத்துக்கு அறிக்கை அனுப்ப வேண்டியிருந்தது. அதை எழுதித் தரும்படி என்னிடமே வந்தார். விளக்கம் பயன்படாது என்று நான் சொன்னது உண்மைதான். இருந்தாலும் ஒரு அதிகாரி வாசல் தேடி வந்து கேட்கும்போது எப்படி மறுப்பது? உள்ளதை உள்ளபடியே எழுதினேன்: மின்தடை ஏற்பட்டது, விளக்கங்கள் யாவும் இயக்கப்பட்டும் வெளிச்சம் கிடைக்கவில்லை, அதன்பின் அவசர விளக்குமாறு கையில் எடுக்கப்பட்டது, எடுத்த சில நிமிடங்களில் சம்பவ இடத்துக்கு வெளிச்சம் வந்து சேர்ந்தது.

ஒரு வார்த்தை பொய்யில்லை. மேலிடம் மகிழ்ந்து போனது. எந்தத் திட்டமும் எந்த ஊரிலும் இவ்வளவு சீக்கிரம் பலன் தந்ததாக அவர்கள் பதிவேட்டிலேயே இல்லையாம். எங்கள் ஊர் முன்மாதிரி ஊர் ஆயிற்று. விளக்கு என்று திருத்த நினைத்த சோப்பு அதிகாரிகூட, விளக்குமாறுதான் சரி என்று ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்டுவிட்டார். திட்டம் இப்போது எல்லா ஊர்களுக்கும் விரிவுபடுத்தப்படுகிறது. சீக்கிரம் உங்கள் தெருப் பலகையிலும் ஒட்டுவார்கள். படித்துவிட்டுச் சிரிக்காதீர்கள், வாங்கி மாட்டுங்கள். அது வேலை செய்கிறது, நான் சாட்சி.

கரண்ட் முன்போலவே வந்து போய்க்கொண்டிருக்கிறது. விளக்கு தொழுவத்து மாடத்தில் இருக்கிறது, கன்றுக்குட்டி கட்டின கயிற்றை இழுத்துக்கொண்டு அதைத் தட்டிவிடப் பார்க்கிறது. எங்கள் வீட்டு அவசர விளக்குமாறு அதே ஆணியில்தான் தொங்குகிறது. ஒரே ஒரு மாற்றம்: கைக்கு எட்டும் உயரம் என்றால் யார் கைக்கு என்று சுற்றறிக்கையில் இல்லை அல்லவா, இவள் ஆணியைப் பிடுங்கித் தன் கைக்கு எட்டும்படி அடித்துக்கொண்டாள். நேற்றுச் சாயங்காலம் கரண்ட் போனது. "அது என்னன்னா..." என்று நான் வாயைத் திறந்தேன். இருட்டில் ஆணியிலிருந்து எதையோ எடுக்கும் சத்தம் கேட்டது. எழுந்து போய் விளக்கை ஏற்றினேன்.